சத்தமே இல்லையென்றால் நல்ல ஹோமா? மனநல இல்லங்களின் தரத்தைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

பெங்களூரில் மனநலச் சிக்கலோடு வாழும் மகனுக்கோ தங்கைக்கோ ஒரு ‘ஹோம்’ தேடும் தமிழ்க் குடும்பங்கள் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது பெரும்பாலும் மூன்றே விஷயங்கள். இடம் சுத்தமா, சாப்பாடு எப்படி, மாதம் எவ்வளவு? பதிலும் அதே அளவில் வரும்: “நல்ல ஹோம்ங்க, சத்தமே இருக்காது.”

இந்தக் கடைசிப் பேச்சைக் கேட்டதும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இருபத்தைந்து பெரியவர்கள் வாழும் வீட்டில் காலை பதினோரு மணிக்குச் சத்தமே இல்லையென்றால், அவர்கள் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்? பராமரிப்பின் தரம் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

எந்த ஹோமைப் பற்றிப் பேசுகிறோம்

‘ஹோம்’ என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து வேறு வேறு இடங்களை அடைத்து வைத்திருக்கிறோம். குழப்பத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ் போன்றது மருத்துவமனை. நோய் முற்றிய நிலையில் சேர்த்து, சில நாளிலோ சில வாரத்திலோ தணித்து அனுப்பும் இடம். அங்கிருந்து வெளியே வந்தவர் உடனே வீட்டுக்கோ வேலைக்கோ திரும்ப முடியாத நிலையில் இருந்தால், சில மாதங்கள் தங்கிப் பழகிக்கொள்ளும் இடம் ‘ஹாஃப்வே ஹோம்’. பெயரே பாதி வழி என்று சொல்லிவிடுகிறது. வருடக் கணக்கில் தங்குவதற்கானது நீண்டகால இல்லம். நான்கைந்து பேர் சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டை எடுத்து, ஊழியர் வந்துபோகும் உதவியோடு வாழ்வது குழு வீடு.

முதியோர் இல்லமும் குடி மறப்பு மையமும் வேறு ரகம். கனகபுரா ரோடு, பன்னேருகட்டா ரோடு, ஹென்னூர் பக்கம் போனால் மனநல இல்லத்தையும் சேர்த்து மூன்றையும் ஒரே காம்பவுண்டுக்குள் நடத்தும் இடங்களையும் பார்க்கலாம். குடியை நிறுத்தி இரண்டு நாளாகிக் கைநடுங்கும் ஒருவருக்கும், பத்து வருடமாக மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) நோயோடு இருக்கும் ஒருவருக்கும் வேண்டிய கவனிப்பு ஒன்றல்ல. ஒரே அறையில் போட்டால் பலம் குறைந்தவரின் சாப்பாடும் சிகரெட்டும் போர்வையும் மற்றவரிடம் போய்விடும்.

இந்தக் கட்டுரை ஹாஃப்வே ஹோமையும் நீண்டகால இல்லத்தையும் பற்றியது.

தர்ஷினியில் கேட்கும் மூன்று கேள்விகள்

அல்சூரில் ஒரு தர்ஷினிக்குள், அதாவது நின்றபடியே சாப்பிடும் சிற்றுண்டிக் கடைக்குள், நுழைகிறோம். கிரானைட் மேடை பளபளக்கிறது, இட்லிப் பாத்திரம் புதுசு, பரிமாறுபவர் தலையில் தொப்பி. இவையெல்லாம் அந்தக் கடையிடம் இருப்பவை. மாவு எப்போது அரைத்தது, எவ்வளவு நேரம் புளித்தது, இட்லி ஆவியிலிருந்து நேரே தட்டுக்கு வருகிறதா, காலையில் அவித்து அடுக்கியதா என்பது அங்கே நடப்பது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வயிறு என்ன சொல்கிறது என்பது மூன்றாவது.

லெபனானில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய அவெடிஸ் டொனபீடியன் என்ற மருத்துவர், 1966இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் மருத்துவப் பராமரிப்பின் தரத்தை இப்படித்தான் மூன்றாகப் பிரித்தார். இருப்பது அமைப்பு, நடப்பது செய்முறை, கிடைப்பது விளைவு. உலகெங்கும் பராமரிப்பின் தரத்தைப் பேசுகிறவர்கள் இன்றும் இந்தப் பிரிவிலிருந்தே தொடங்குகிறார்கள்.

ஹோமுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, ராத்திரி எத்தனை ஊழியர், மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை தடவை வருகிறார், பதிவுச் சான்று இருக்கிறதா, பெங்களூரு டிசம்பர் குளிரில் காலை ஆறரைக்கு வெந்நீர் வருகிறதா: இது அமைப்பு. மாத்திரையை யார் எப்படித் தருகிறார், கோபத்தில் கத்துபவரிடம் ஊழியர் எந்தக் குரலில் பேசுகிறார், பகல் பொழுது எப்படிக் கழிகிறது: செய்முறை. ஆறு மாதம் கழித்து அவர் தானாகக் குளிக்கிறாரா, எடை எவ்வளவு ஏறியது, மறுபடி மருத்துவமனைக்குப் போக வேண்டி வந்ததா, தனியாகப் பேருந்தில் போய்வர முடிகிறதா: விளைவு.

குடும்பங்கள் பார்ப்பது பெரும்பாலும் அமைப்பை மட்டும். அது கண்ணுக்குத் தெரியும், போட்டோவில் வரும். விளைவைக் கேட்பவர்கள் சிலர் உண்டு, ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கஷ்டமானவர்களைச் சேர்க்கவே சேர்க்காத ஹோமின் விளைவுகள் எப்போதும் அழகாக இருக்கும். “எங்களிடம் யாரும் முரண்டு பிடிப்பதில்லை” என்றால், முரண்டு பிடித்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்க வேண்டும்.

இதுவரை சொன்னதில் மனதில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்: கட்டடமும் ஆள் எண்ணிக்கையும் தரத்துக்கு இடம் கொடுக்கும். தரம் உண்டாவது செய்முறையில். கீழே வருவதெல்லாம் பெரும்பாலும் செய்முறை பற்றியே.

சும்மா உட்கார்ந்திருப்பது எங்கிருந்து வருகிறது

சுவரோரம் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பேசுவதில்லை, டிவியையும் பார்ப்பதில்லை. “அவர் அப்படித்தான், வியாதி” என்கிறார் ஊழியர். பாதி உண்மை.

அந்த மௌனத்துக்கு மூன்று ஊற்றுகள் உண்டு. முதலாவது நோயே. மனச்சிதைவில் காதில் குரல் கேட்பது, சந்தேகம் போன்றவை கூடுதலாக வந்து சேர்பவை. பேச்சு, ஆர்வம், தானாக எழுந்து ஒன்றைத் தொடங்கும் உந்துதல் ஆகியவை கழிந்து போவதும் உண்டு. இப்படிக் கழிந்துபோவதை எதிர்மறை அறிகுறிகள் என்பார்கள். இதைப் பலர் சோம்பல் என்றே நினைக்கிறார்கள். திட்டினால் சரியாகும் என்றும் நம்புகிறார்கள். இரண்டாவது ஊற்று மாத்திரையின் மந்தம். மூன்றாவது, அந்த இடமே.

1960களில் இங்கிலாந்தில் ஜான் விங், ஜார்ஜ் பிரவுன் என்ற இருவர், மூன்று மனநல மருத்துவமனைகளில் நெடுங்காலமாகத் தங்கியிருந்த மனச்சிதைவுள்ள பெண்களைச் சுமார் எட்டு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஒன்றுமே செய்யாமல் கழிகிறது என்பதையும் கணக்கெடுத்தார்கள். அந்தச் சும்மா இருக்கும் நேரம் குறைந்தபோது நிலைமை தேறியது. கூடிய இடத்தில் ஒடுங்கிப்போவதும் கூடியது. இடம் உண்டாக்கும் இந்த ஒடுக்கத்தை விடுதி முடக்கம் என்று சொல்லிக்கொள்வோம். நோயை ஹோம் உண்டாக்கவில்லை. முடக்கத்தை உண்டாக்கலாம், அல்லது உடைக்கலாம்.

முடக்கம் எப்படி விளைகிறது என்பதற்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தைப் பாருங்கள். பகல் ஊழியர்கள் எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். அதனால் ஆறரைக்குச் சாப்பாடு, ஏழு மணிக்கு மாத்திரை, ஏழரைக்கு விளக்கணைப்பு. எட்டு மணி நேரம் தூங்கியவர் விடிகாலை மூன்றரைக்கு விழித்துவிடுகிறார். அதில் தப்பே இல்லை, தூக்கம் முடிந்துவிட்டது. அவர் வராந்தாவில் நடக்கிறார். தனியாக இருக்கும் இரவு ஊழியர் நோட்டில் ‘தூக்கமில்லை’ என்று எழுதுகிறார். சனிக்கிழமை வரும் மருத்துவர் அதைப் படித்து ராத்திரி மாத்திரையைக் கூட்டுகிறார். இப்போது காலை பத்து மணி வரை தலை தூக்க முடியாது. காலை உடற்பயிற்சியும் தோட்ட வேலையும் போயிற்று. மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு தூக்கம். ராத்திரி மறுபடி விழிப்பு. மூன்று மாதத்தில் ஃபைலில் ‘ஆர்வமில்லை, ஒத்துழைப்பதில்லை’ என்ற வரி ஏறிவிடும்.

இதற்கு மருந்து, மருந்துக் கடையில் இல்லை. இரண்டு ஊழியரின் ஷிஃப்டை மத்தியானம் ஒன்றிலிருந்து இரவு ஒன்பதரை என்று மாற்றினால் சாப்பாடு எட்டுக்குப் போகும், படுக்கை பத்துக்குப் போகும். ஆகவே எந்த ஹோமுக்குப் போனாலும் “ராத்திரி சாப்பாடு எத்தனை மணிக்கு?” என்று கேளுங்கள். ஒரே கேள்வியில் அந்த இடத்தின் நாள் யாருக்காகச் சுழல்கிறது என்று தெரிந்துவிடும்.

முட்டுக் கொடுத்தல், முட்டுப் பிரித்தல்

வீட்டுக்குக் கூரைத் தளம் போட்டதும் அடியில் முட்டுக் கொடுத்து நிறுத்துவார்கள். தளத்தின் நீளத்தைப் பொறுத்து ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்துத்தான் முட்டுகளைப் பிரிப்பார்கள். அவசரப்பட்டு எடுத்தால் தளம் விரிசல் விடும். எடுக்கவே மாட்டேன் என்றால் கீழே யாரும் குடியேற முடியாது. ஹோமில் செய்யும் உதவியும் இப்படித்தான். கொடுக்கும்போதே எப்போது, எந்த வரிசையில் பிரிப்பது என்ற கணக்கு இருக்க வேண்டும்.

அந்தக் கணக்கை எழுதி வைப்பதே பராமரிப்புத் திட்டம். ஒருவருக்கு இப்போது எதில் எவ்வளவு உதவி தேவை, அடுத்த படி என்ன, யார் செய்வார், எந்தத் தேதியில் திரும்பப் பார்ப்பது என்பதைச் சொல்லும் தாள் அது. அவரையும் உட்கார வைத்துக்கொண்டு எழுத வேண்டியது.

மோசமான திட்டத்தில் ‘சமூகத் திறன் மேம்பாடு’ என்று ஒரு வரி இருக்கும். பக்கத்து ஃபைலைத் திறந்தால் அதிலும் அதே வரி. உருப்படியான திட்டம் இப்படி இருக்கும்:

‘காலை 7 மணிக்கு முனைக் கடையில் அரை லிட்டர் நந்தினி நீலப் பாக்கெட் இரண்டு வாங்கி வருதல். முதல் வாரம் ஊழியர் கூடவே போவார், பணம் கொடுப்பது இவர். இரண்டாம் வாரம் ஊழியர் பத்தடி பின்னால். மூன்றாம் வாரம் ஊழியர் கேட்டில் நிற்பார். நான்காம் வாரம் தனியாக. திரும்பியதும் சில்லறையைச் சேர்ந்து எண்ணுவது. கடையில் கூட்டம் இருந்தால் பயப்படுகிறார், அப்படியானால் திரும்பி வந்து 7.30க்கு மறுபடி போகலாம்.’

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். எங்கே தடுக்கும், தடுத்தால் என்ன செய்வது என்று எழுதியிருக்கிறது. அந்த மனிதரைப் பார்த்த ஒருவர் எழுதிய திட்டம் என்று அந்த வரி சொல்லிவிடும்.

நடைமுறையில் இது உடைவது நேரத்தில்தான். ஒருவர் தானாகச் சட்டைப் பொத்தான் போட நான்கு நிமிடம் ஆகும். ஊழியர் போட்டுவிட்டால் இருபது விநாடி. எட்டு பேரைக் காலைச் சிற்றுண்டிக்குத் தயார் செய்ய வேண்டிய ஊழியர் எதைச் செய்வார்? போட்டுவிடுவது அன்பு போலவும் தெரியும், குடும்பத்துக்கும் மகிழ்ச்சி. ஆனால் ஒரு வருடத்தில் அவர் பொத்தான் போட மறந்துவிடுவார். ஆள் எண்ணிக்கை ஏன் முக்கியம் என்றால், ஓடுபவரைப் பிடிப்பதற்கு இல்லை, இந்த நான்கு நிமிடம் காத்திருப்பதற்கு.

இன்னொரு முனையில், ‘தெரபி’ என்ற பெயரில் வேலை வாங்குவது நடக்கிறது. தன் தட்டைத் தான் கழுவுவது பழக்கம். முப்பது பேர் தட்டைத் தினமும் ஒருவரே கழுவினால் அது வேலை. கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, செய்த வேலைக்கு உரிய கூலி வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

சுருக்கமாக: நல்ல உதவி என்பது அளந்து கொடுத்து, தேதி போட்டுக் குறைப்பது. திட்டத்தாளில் அந்த மனிதர் தெரிகிறாரா என்று பாருங்கள். பெயரை மறைத்தால் யாருடையது என்று சொல்ல முடியாத தாள் வெறும் காகிதம்.

மாத்திரை நேரம்: பத்து நிமிடம் நின்று பார்க்க வேண்டியது

ஒரு ஹோமின் ஒழுங்கை அறிய மாத்திரை கொடுக்கும் நேரத்தைப் போல வேறு நேரம் கிடையாது.

சரியான முறை எளிது. ஊழியர் ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். அட்டையில் ஒட்டியுள்ள போட்டோவைப் பார்க்கிறார். அவருடைய பெட்டியிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுத்து, மாத்திரையின் பெயர், அளவு, நேரம் மூன்றையும் சார்ட்டோடு ஒப்பிட்டு, அவர் முன்னாலேயே பிரித்துக் கொடுக்கிறார். தண்ணீர் குடித்து விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. மறுத்தால் ‘மறுத்தார்’ என்றும் காரணமும் எழுதுகிறார். பிறகே அடுத்தவர்.

தப்பு நடப்பதும் ஒரே மாதிரித்தான். மத்தியானமே எல்லோருடைய மாத்திரைகளையும் பிரித்துக் குட்டி டப்பாக்களில் போட்டு வைத்துவிடுவார்கள். மூடி மாறினால் ஆள் மாறும். பிரித்துப் போட்ட வெள்ளை மாத்திரை எது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. இன்னொன்று, ஷிஃப்ட் முடிகிற அவசரத்தில் வாரத்துக்கான கையெழுத்தை மொத்தமாகப் போடுவது. சார்ட்டில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை, ஒரு மறுப்புகூட இல்லை, எல்லாக் கையெழுத்தும் ஒரே பேனா என்றால் சந்தேகப்பட வேண்டும். மனிதர்கள் வாழும் இடத்தின் சார்ட்டில் அங்கங்கே ஒரு மறுப்பு இருக்கும்.

எல்லா மருந்தையும் இங்கே பேச முடியாது. இரண்டை மட்டும் சொல்லலாம், ஏனென்றால் அவற்றில் கவனப்பிசகு உயிருக்கே ஆபத்து.

குளோசபின், மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவுக்குத் தருவது. இது சிலருக்கு ரத்த வெள்ளணுக்களை அபாயகரமாகக் குறைத்துவிடும். அதனால் முதல் 18 வாரம் வாரா வாரமும், பிறகு மாதம் ஒரு முறையும் ரத்தப் பரிசோதனை என்பது பல மருத்துவர்கள் பின்பற்றும் முறை. குளோசபின் எடுப்பவருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் வெறும் பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைக்கக் கூடாது; அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். பலர் அறியாத இன்னொன்று மலச்சிக்கல். இந்த மருந்து குடலின் அசைவைக் குறைக்கும். கண்டுகொள்ளாமல் விட்டால் குடல் அடைத்துக்கொண்டு உயிர் போன சம்பவங்கள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கின்றன. ஆகவே ‘இன்று மலம் கழித்தாரா’ என்ற கட்டம் நல்ல ஹோமின் சார்ட்டில் இருக்கும். சிரிக்க வேண்டாம்.

சிகரெட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. புகையிலைப் புகை கல்லீரலை முடுக்கிக் குளோசபினை வேகமாகக் கரைத்துவிடும். வீட்டில் தினம் ஒரு பாக்கெட் பிடித்தவர் ஹோமில் சேர்ந்த அன்றே நிறுத்தப்பட்டால், அதே மாத்திரை அளவில் ரத்தத்தில் மருந்து ஏறும். அதீதத் தூக்கம், வாயில் எச்சில் ஒழுகல், சிலருக்கு வலிப்பு. புகையை நிறுத்துவது நல்லதுதான், ஆனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும்.

லித்தியம், மனநிலை ஏற்ற இறக்க நோய்க்கு. பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகலானது: ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வழக்கமான இலக்கு, 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. பரிசோதனைக்குக் கடைசி மாத்திரை சாப்பிட்டுப் 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். வாந்தி, பேதி, தண்ணீர் குறைவு எல்லாம் அளவை ஏற்றும். மூட்டு வலிக்கு யாரோ கொடுக்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளும் ஏற்றும். கை பலமாக நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் அடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனை. “குடிச்சிட்டு வந்திருக்கான்” என்று இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதும் நடக்கிறது.

மனநோய் மாத்திரைகள் பலவற்றுக்கும் பொதுவாக எடை, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் ஏற்றும் குணம் உண்டு. மாதம் ஒரு முறை எடை எழுதாத ஹோம், இந்த மூன்றில் எதையும் கவனிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பூட்டும் கையெழுத்தும்

2001 ஆகஸ்ட் 6 விடிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலம் குன்றியவர்களை வைத்திருந்த ஒரு கொட்டகை இல்லத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. பூட்டு பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்குத் தமிழ்நாடே கொடுத்த பதில் அது.

2018இல் நடைமுறைக்கு வந்த 2017 சட்டம் சங்கிலியை முற்றிலும் தடை செய்கிறது. தனியறையில் அடைப்பதையும் தடை செய்கிறது. உடலைப் பிடித்தோ கட்டியோ நிறுத்துவதை கட்டுப்படுத்தல் என்கிறோம். உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரம் மட்டும் அதைச் செய்யலாம். பதிவேட்டில் எழுத வேண்டும். தண்டனையாகவோ ஆள் குறைவு என்பதாலோ செய்யவே கூடாது.

சட்டம் சொல்லும் சின்ன விஷயங்கள் சில, நேரில் பார்த்துச் சரிபார்க்கக்கூடியவை. கட்டாய மொட்டை கூடாது. தன் சொந்த உடையை அணியலாம், சீருடை கட்டாயமில்லை. பெண்களுக்கு மாதவிடாய்க்கான பொருள்கள் கிடைக்க வேண்டும். போன் பேசலாம், உறவினரைச் சந்திக்கலாம். “முதல் ஒரு மாதம் வீட்டார் வரக்கூடாது, போனும் கிடையாது” என்று பொதுவிதியாகச் சொல்லும் ஹோம், இந்த உரிமையை ஒரே வரியில் அடித்துவிடுகிறது.

பலருக்கும் தெரியாத பெரிய விஷயம் சேர்ப்பது பற்றியது. வயதுவந்த ஒருவரை ‘வீட்டார் கையெழுத்துப் போட்டால் சேர்த்துவிடலாம், வீட்டார் சொன்னால்தான் விடுவோம்’ என்பது பழைய பழக்கம். முடிவெடுக்கும் திறன் உள்ளவர் தானே சம்மதித்துச் சேர வேண்டும். அப்படிச் சேர்ந்தவர் தானே வெளியேறவும் கேட்கலாம். அதிக உதவி தேவைப்பட்டு முடிவெடுக்க முடியாத நிலையில், அவருடைய நியமனப் பிரதிநிதி விண்ணப்பிக்கலாம். நியமனப் பிரதிநிதி என்றால், நோயுள்ளவர் தனக்காகப் பேச முன்கூட்டியே எழுத்தில் குறிப்பிட்டவர், அப்படி யாரும் இல்லையென்றால் சட்டம் சொல்லும் வரிசைப்படி உறவினர். அப்போதும் ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். முதல் அனுமதி அதிகபட்சம் 30 நாள். அதைத் தாண்டினால், இந்தச் சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதி வேண்டும்.

இப்படிப்பட்ட இல்லம் எதுவும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் முதல் தடவை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி என்றால் 2 லட்சம் வரை, அதற்கும் மேல் 5 லட்சம் வரை. டிரஸ்ட் பதிவோ சொசைட்டி பதிவோ இதற்கு ஈடாகாது. சுவரில் மாட்டியிருக்கும் சான்று எதற்கானது என்று கிட்டே போய்ப் படியுங்கள்.

மொழி என்ற மாத்திரை

பெங்களூரு ஹோம்களில் ஊழியர்கள் கன்னடமோ இந்தியோ பேசலாம், சிலர் அசாம் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். அல்சூரிலோ லிங்கராஜபுரத்திலோ பிறந்து வளர்ந்த தமிழருக்குக் கன்னடம் தெரியும்தான். கடையில் பேசும் கன்னடம் வேறு, “நெஞ்சுக்குள்ள யாரோ உட்கார்ந்திருக்காங்க” என்று சொல்லும் மொழி வேறு. நோய் கூடும்போது மனிதர்கள் தாய்மொழிக்கே திரும்புகிறார்கள். அந்த நேரத்தில் அவர் சொல்வது புரியாத ஊழியர் ‘தனக்குள் பேசுகிறார்’ என்று எழுதுவார். அதனால் ஒரு ஷிஃப்டுக்கு ஒருவராவது தமிழ் புரிந்தவர் இருக்கிறாரா என்று கேட்பது சலுகை கேட்பது ஆகாது. மருத்துவர் பேசும்போதும் இதே விதி. மொழிபெயர்க்க சமையல்காரரைக் கூப்பிட்டால் அந்தரங்கம் அத்தோடு போயிற்று.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் போங்கள்

பார்வையாளருக்கென்று குறித்த நேரத்தில் எல்லா ஹோமும் அழகு. மருத்துவரும் மேனேஜரும் இல்லாத ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அனுமதி கேளுங்கள். மறுத்தால் மறுப்பும் ஒரு பதில்தான்.

குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, அவசரத்தில் வெளியிலிருந்து திறக்கும் வகையா என்று பாருங்கள். அங்கே வசிப்பவரின் அலமாரிச் சாவி யாரிடம் என்று கேளுங்கள். சுவரில் ஒட்டிய நேர அட்டவணையில் ‘மாலை 4: இசை’ என்று இருந்தால், இசை கேட்கிறதா? ஒரு கேர்டேக்கரிடம் ஒரே ஒருவரைக் காட்டி “இவருக்கு என்ன பிடிக்கும்?” என்று கேளுங்கள். “சாப்பாடு போட்டா சாப்பிடுவாரு” என்பதும் பதில். “இளையராஜா பாட்டு, காபில சக்கரை கம்மி” என்பதும் பதில். இரண்டுக்கும் இடையில் உள்ள தூரமே நாம் தேடுவது.

மேனேஜரிடம் எண்கள் கேளுங்கள். கடந்த ஒரு வருடத்தில் எத்தனை பேர் வெளியே போனார்கள், எங்கே? எத்தனை பேர் விழுந்தார்கள்? கட்டுப்படுத்தல் பதிவேட்டைக் காட்ட முடியுமா? ‘விழுந்தவரே இல்லை’ என்பவரைவிட, ‘மூன்று பேர் விழுந்தார்கள், இரண்டு பேர் குளியலறையில், அதனால் தரையை மாற்றினோம்’ என்பவரை நம்பலாம். கட்டணத்தில் மருந்து, ரத்தப் பரிசோதனை, மருத்துவர் வருகை, மருத்துவமனைக்குக் கூட வரும் ஆள் ஆகியவை சேர்ந்ததா தனியா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குறை இருந்தால் முதலில் பொறுப்பு மருத்துவரிடம், சரியாகவில்லையென்றால் மனநல மறுஆய்வு வாரியத்திடம், அதற்கு மேல் மாநில ஆணையத்திடம் போகலாம். அங்கே வசிப்பவரே நேராகப் புகார் செய்யும் உரிமையும் சட்டத்தில் உண்டு. யாரிடம் பேசுவது என்றே புரியாத ராத்திரிகளுக்கு, மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. தமிழிலும் பேசலாம்.

சேர்க்கும் அன்று கையில் கொடுக்க வேண்டிய தாள்

ஹோமைக் கேள்வி கேட்ட குடும்பம் தன் பங்குக்கு ஒரு தாள் எழுதித் தர வேண்டும். மருந்துச் சீட்டில் வராதவை அதில் வரும். எதைச் சாப்பிட்டால் ஒத்துக்காது. எந்தப் பேச்சை எடுத்தால் கோபம் வரும். விளக்கெரிந்தால்தான் தூக்கமா, இருட்டிலா. கத்தும்போது தொட்டுப் பேசினால் அடங்குவாரா, தள்ளி நின்று பேச வேண்டுமா.

எல்லாவற்றையும்விட முக்கியம், நோய் திரும்பும் முன் வரும் முன் அடையாளங்கள். ஒவ்வொருவருக்கும் இவை தனி, பல சமயம் ஒவ்வொரு தடவையும் ஒரே வரிசையில் வருபவை. ஒருவர் முதலில் பேப்பர் படிப்பதை நிறுத்துவார், நாலு நாள் கழித்து ஒரே சட்டையைத் திரும்பத் திரும்பத் துவைப்பார், அதற்கப்புறம்தான் தூக்கம் கெடும். வீட்டில் பத்து வருடம் பார்த்தவர்களுக்குத் தெரிந்த இந்த வரிசை புது ஊழியருக்குத் தெரியாது. சட்டையைத் துவைக்கும்போதே மருத்துவருக்குப் போன் போட்டால் ஒரு மருத்துவமனை வாசம் தப்பலாம்.

அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள், அவர் வேண்டாம் என்பதை விட்டுவிடுங்கள். தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று. ஒரு பிரதி ஃபைலில், ஒன்று இரவு ஊழியரின் மேஜையில், ஒன்று அவருடைய சட்டைப்பையில்.